கரை ஏறுதலும் கரை இறங்குதலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'தமிழ்க் கவிதையில் கடல்' என்பது. கடலைப் பற்றிப் பேச என்னைப் போன்ற தகுதியற்றவன் வேறு ஒருவன் இருக்க முடியாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவே பஞ்சாலைச் சங்கு: இதுதான் நமது திசையறிவு. நமக்கு அண்மைக் கடலான தூத்துக்குடிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆகவே அவ்வளவு பெரிய தலைப்பை விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன். கப்பல் துறை சேர்வதும், அதில் வந்தவர் நிலத்தில் கால் வைப்பதும் என்பதே அது. தலைவர் அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

கடல் இல்லாத ஊர் என்றேன். ஆனால் இவ்வூர்ப் பெண்ணொருத்தி கடற்பொருள் ஒன்றைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். நாச்சியார் திருமொழியில் வெண்சங்கைப் பார்த்து ஆண்டாள் பேசும் பத்துப் பாசுரங்களை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள். அவற்றுள் ஒன்றில் அந்தச் சங்கின் பயணக் கதை முழுவதும் வந்துவிடுகிறது. கடலில் பிறந்தது, பஞ்சசனன் என்னும் அசுரனின் உடலில் வளர்ந்தது, பிறகு திருமாலின் கையைச் சேர்ந்தது. அந்தக் கையை அவள் 'திடர்' என்கிறாள். திடர் என்றால் மேட்டு நிலம். அதில் சங்கு சேர்ந்ததைச் சொல்ல அவள் ஆளும் வினை 'குடியேறுதல்'. நீரிலிருந்து புறப்பட்ட ஒன்று மேடான இடம் பார்த்து ஏறிக் குடியமர்ந்தது என்று பொருள். கரை சேர்தலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சங்கெடுக்கும் தொழில் மிகத் தொன்மையானது. வில்லிபுத்தூர்க் கோயிலில் ஒலித்த சங்கு அந்தக் கடலிலிருந்து வந்திருக்கலாம் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. கற்பனைதான், சான்று கேட்காதீர்கள்.

நமது பழைய நூல்களில் கலம் புறப்படுவதும் நடுக்கடலில் தத்தளிப்பதும் நிறைய உண்டு. எங்கு பறந்தும் கரை காணாமல் மீண்டும் பாய்மர உச்சிக்கே திரும்பும் பறவையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார் குலசேகராழ்வார். துறை சேரும் காட்சிகள் அவற்றைவிடக் குறைவு. ஆனால் இருப்பவை மிக நுட்பமானவை. அகநானூற்றின் 255ஆம் பாட்டில், கலத்தைச் செலுத்தும் நீகான் மாடத்தின் மேல் எரியும் ஒளியைக் கொண்டு துறையின் பக்கத்தை அறிகிறான். பட்டினப்பாலையில், இறங்கிய பண்டங்கள் மீது புலிமுத்திரை பொறிக்கப்படுகிறது. சுங்கம் கொள்வோர் சோர்வின்றி இருக்கிறார்கள். (சுங்கத்தார் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சோர்வடையவே இல்லை.) புறநானூற்றின் 343ஆம் பாட்டில், முசிறியில் பெருங்கலம் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் சிறு தோணிகள் கரைக்குக் கொண்டு சேர்க்கின்றன. பரணர் பாடியது அது. பெரிய கலத்தால் கரையைத் தொட முடியாது; சிறிய தோணிதான் தொடும். ஆழமில்லாத துறைகளில் இன்றைய உல்லாசக் கப்பல்களும் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் பயணிகளை இறக்குகின்றன.

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் வெளியே நிற்க, கயிற்றால் தைத்த, ஆணியே அடிக்காத மசூலாப் படகுகள்தாம் வெள்ளைக்காரத் துரைமார்களையும் சீமாட்டிகளையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. மணலுக்குச் சில அடி முன்னால் படகோட்டிகள் அவர்களைத் தோளில் தூக்கிச் சுமந்து இறக்கினர். நாட்டை ஆள வந்தவர்கள் நம்மவர் தோளில் ஏறித்தான் நாட்டில் இறங்கினர். 1861இல் அங்கே இரும்பாலான ஒரு பாலத்துறை வந்தது. பின்னர்க் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்துப் போட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றி அமைத்த பிறகே அது உருப்படியான துறைமுகமாயிற்று.

தூத்துக்குடியின் கதையும் ஏறத்தாழ இதுவே. பழைய துறையில் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நின்றன. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907இல் வந்தன. அவற்றில் கொழும்புக்குப் போனவர்களும் முதலில் படகேறித்தான் கப்பலேறினார்கள். வ.உ.சி.யைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அந்தப் படகில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பற்றி நம்மில் யாரும் ஒரு வெண்பாகூடப் பாடவில்லை. இதை ஒரு குறையாகவே சொல்கிறேன், நானும் பாடவில்லை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. தமிழில் நாம் 'கரை ஏறினான்' என்கிறோம். துன்பத்திலிருந்து மீண்டவன் கரையேறியவன். பெண்ணுக்கு மணம் முடிப்பது அவளைக் கரையேற்றுவது. பிறவிக் கடலிலிருந்தும் ஏறத்தான் வேண்டும். ஆனால் கப்பலில் வந்தவரைப் பற்றிப் பேசும்போது 'கொழும்பில் இறங்கினார்' என்கிறோம். ஒன்று ஏற்றம், மற்றொன்று இறக்கம். ஏன் இப்படி? தோணியிலும் கட்டுமரத்திலும் வருபவன் கரையைவிடத் தாழ்ந்து இருக்கிறான். அவன் மேடு நோக்கி ஏற வேண்டும். கப்பலில் வருபவன் பல மாடி உயரத்தில் இருக்கிறான். அவன் கீழே இறங்க வேண்டும். மீனவனின் சொல் ஏறுவது, பயணியின் சொல் இறங்குவது. என் ஊகம் இது. மொழியறிஞர்கள் மறுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த இறக்கத்தை நானே ஒருமுறை நேரில் பார்த்தேன். 2022இல் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது. 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. என் மருமகன் சீட்டெடுத்து, 'மாமா, ஒரு தடவை வந்து பாருங்கள்' என்று வற்புறுத்தியதால் விசாகப்பட்டினம் வரை சென்றேன். உள்ளே இருந்த ஆட்டபாட்டங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எட்டரை மணிக்கு உறங்கிவிட்டேன். ஆனால் துறை சேர்ந்த காலையில் மேல்தளத்தில் நின்று இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் கரையிலிருந்து ஒரு சிறு படகு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் நூலேணி தொங்க, அதைப் பற்றி ஒருவர் ஏறினார். துறைமுகத்தார் அவரை பைலட் என்பர். கடல் முழுவதும் கப்பலைச் செலுத்தி வந்த தலைவன், இந்தக் கடைசிச் சில மைல்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரின் சொற்படி நடக்கிறான். எந்த மணல்திட்டு எங்கே இருக்கிறது என்பது அவ்வூர்க்காரருக்குத்தான் தெரியும். இதுவும் பழைய வழக்கமே. பரூகச்சத் துறைக்கு வரும் அயல்நாட்டுக் கலங்களை எதிர்கொண்டு உள்ளே அழைத்துவர அரசனின் மீனவர்கள் படகுகளில் செல்வதைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் சொல்கிறது. பிறகு இழுவைப் படகுகள் இரண்டு வந்து, யானையைப் பாகர்கள் நெட்டித் தள்ளுவதுபோல் கப்பலின் விலாவில் மூக்கை வைத்துத் தள்ளின. கப்பலிலிருந்து நுனியில் கனம் கட்டிய மெல்லிய கயிறு ஒன்று கரைக்கு எறியப்பட்டது. அதைப் பிடித்து இழுக்க, பின்னாலேயே தொடை பருமனுள்ள கயிறு வந்தது. அதைக் கரையிலிருந்த இரும்புக் குற்றியில் மாட்டினார்கள். முன்னால் சில, பின்னால் சில, குறுக்கே சில. அவ்வளவு பெரிய பொருளைத் தரையோடு சேர்த்தது, முதலில் எறியப்பட்ட அந்த மெல்லிய கயிறு. கவிஞர்கள் குறித்துக்கொள்ளலாம், உவமைக்கு உதவும்.

ஏணிப்பாலம் இறங்கியது. அட்டையை ஒரு பொறியில் காட்ட, அது மணியடித்தது, இறங்கினோம். மாலையில் திரும்பிவர வேண்டும் என்று நேரம் சொன்னார்கள். உல்லாசப் பயணிக்குக் கரை என்பது பகல் பொழுதைப் போக்கும் இடம். திரும்பிவரக் கப்பல் இருக்கும் என்ற நிச்சயத்தோடுதான் அவன் இறங்குகிறான்.

எல்லாருக்கும் இறங்கக் கிடைப்பதும் இல்லை. அதே 2022 ஜூன் மாதத்தில் அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே வந்தபோது, பயணிகளை இறக்க அங்குள்ள அரசு அனுமதி தரவில்லை. கடற்கரையைக் கண்ணால் கண்டபடியே திரும்பினார்கள். குலசேகராழ்வாரின் பறவைக்குக் கரை தெரியவில்லை. இவர்களுக்குத் தெரிந்தும் பயனில்லை.

மணிமேகலையில் சாதுவன் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். ஆதிரையின் கணவன் அவன். பொருளைச் சூதில் இழந்து வணிகரோடு கலமேறினான். கலம் உடைந்தது. முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கினான். களைத்து ஒரு மரத்தடியில் உறங்கிவிட்டான். உணவாயிற்று என்று எழுப்பினார்கள் நாகர்கள். அவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். உடனே அவர்கள் தங்கள் தலைவனிடம் அவனை அழைத்துச் சென்றார்கள். கடவுச்சீட்டு இல்லை, முத்திரை இல்லை. மொழி தெரிந்தது, கரையில் இடம் கிடைத்தது. சாத்தனாரின் நம்பிக்கை அது. மொழி ஒன்றே போதும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். என் அத்தைதான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்.

என் பாட்டனார் இராசபாளையத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். என் தந்தையை இங்கே உறவினரிடம் விட்டுச்சென்றார். அத்தை நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே மணமாகி, கொழுந்து பறித்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரிக்கும் சிறிமாவோவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எனவே தலைமன்னாரிலிருந்து வந்த இராமானுசம் கப்பல் பின்னர் இராமேசுவரத்தில் ஆட்களை இறக்கியது. 1973இல் அத்தை மூன்று குழந்தைகளோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் அதில் வந்தார்.

கடலைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "கடலா? கடலை யாரு பாத்தா மருமகனே? தலையைத் தூக்க முடியல, ஒரே வாந்தி" என்றார். கரையில் ஓர் அலுவலர் சொந்த ஊர் எது என்று கேட்டாராம். அத்தை தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது ஊராகாது என்று சொல்லி, அவர் அதுவரை கண்டிராத என் பாட்டனாரின் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார் அலுவலர். கேட்டவரும் தமிழர், சொன்னவரும் தமிழர். மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு, அந்த எழுதிய ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்தபோது அவரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசியவர்கள் உண்டு. இங்கே வந்த பிறகு இன்றுவரை அவர் தெருவில் 'சிலோன்காரி'.

கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியுள்ளன. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோட்டியா பிரின்ஸ் புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பரோடு நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி கிளம்பி, சில நாட்களில் ஓய்ந்தது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு அந்த வழி மீண்டும் திறந்தது. அச்செய்தியை நாளிதழில் படித்துக் காட்டி, போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அத்தையைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். சொல்லாராய்ச்சி செய்யும் கெட்ட வழக்கம் எனக்கு உண்டல்லவா? பேச்சை மாற்ற, "அத்தை, அன்றைக்கு நீங்கள் கரை ஏறினீர்களா, இறங்கினீர்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. இறக்கிவிட்டாங்க" என்றார்.

அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இந்த அரங்கிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார். அவரைப் போல வந்தவர்கள் அவர் தெருவிலேயே இன்னும் நால்வர் இருக்கிறார்கள். கேட்க விரும்பும் கவிஞர்கள் சொன்னால் நானே அழைத்துச் செல்கிறேன். காலையில் பத்து மணிக்கு மேல் போனால் நன்றாகப் பேசுவார்.