தண்ணி கூடவா குடிக்க மாட்டீக, பாய்?

ரமலான் பிறந்துவிட்டால் கோவில்பட்டிக் கடைவீதியில் என்னை வழிமறிக்கும் முதல் கேள்வி, "தண்ணி கூடவா குடிக்க மாட்டீக, பாய்?"

"தண்ணியும் கிடையாது அண்ணாச்சி" என்பேன். அவர் முகம் வாடிவிடும். கரிசல்காட்டு மனுஷர், தாகத்தின் அருமை தெரிந்தவர்.

"எச்சி முழுங்கலாமா?"

தாராளமாக.

"மறந்துபோய் ஒரு கடலை மிட்டாயை வாயில போட்டுட்டா?"

நோன்பு முறியாது. மறதியில் உண்டதை இறைவன் ஊட்டியதாகக் கொள்ளச் சொன்னார் நபிகள் நாயகம். நினைவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். "அப்ப தினமும் மறந்துரலாமே!" என்றார் அண்ணாச்சி. திட்டம் போட்டு மறப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் வேறொரு சலுகை உண்டு. அவர்கள் வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம் என்கிறது குர்ஆன்.

"இந்த வெயில்லதான் நோன்பு வரணுமா?" என்றும் கேட்பார்கள். எங்கள் ஆண்டு பிறைக் கணக்கு, ஏறக்குறைய 354 நாள். அதனால் ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். சித்திரையிலும் வரும், மார்கழியிலும் வரும். சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று.

மேற்கே பார்த்துத் தொழுவதால், சூரியனைக் கும்பிடுகிறோம் என்று நினைப்பவரும் உண்டு. மக்காவிலுள்ள கஅபாதான் திசை. லண்டனில் இருக்கும் என் மச்சான் தென்கிழக்கே திரும்பித் தொழுகிறான். அங்கே சூரியன் மறைவது வேறு பக்கம்!

கேட்பவர்மேல் எனக்குக் கோபமே வராது. கேட்காமல் தானே ஒரு பதிலை வைத்துக்கொள்பவரிடம்தான் சிக்கல். சிரித்துப் பதில் சொல்வதும் மார்க்கத்துக்குப் புதிதல்ல. சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகக் குட்டி தருவதாகச் சொன்னாராம் நபிகள். குட்டியில் எப்படி ஏறுவது என்று அவர் விழிக்க, எந்த ஒட்டகமும் ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்றாராம். ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி இது.

கடைசியாக ஒன்று: "வீட்ல உருதுதானே பேசுவீக?" என் உருது 'அச்சா'வோடு முடிந்துவிடும்; எங்களுக்கும் தமிழ்தான். நபிகளின் வாழ்க்கையை 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர், பக்கத்து எட்டயபுரத்துக்காரர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவ்வூர் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். அடுத்த முறை பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், அதே ஊரில் இருக்கும் உமறுவின் அடக்கத்தலத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.