வேலை இல்லாத காலத்தில் முனைவர் பட்டம்



"வெளியே வேலை இல்லை, பிஎச்.டி. சேர்ந்துவிடலாமா?" முதுகலை முடிக்கும் தோழர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். சேரலாம். ஆனால் மாதாமாதம் கைக்கு என்ன வரும் என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு 8,000 ரூபாய். நிலமும் சேமிப்பும் உள்ள குடும்பம் அதை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு தாங்கும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் தாங்குமா? சாதி இங்கேயும் வடிகட்டுகிறது. பிறகு அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

அறிவித்த தொகையும் ஒழுங்காக வருவதில்லை. ஏழு மாத உதவித்தொகை தனக்கு வரவேண்டியிருக்கிறது என்று ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில் எழுதினார்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடென்காம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார், 1920இல் மீண்டும் லண்டன் போனார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அவர் ஆய்வு செய்தது ரூபாயின் சிக்கலைத்தான்!

ஆகவே, உதவித்தொகை உறுதியானால் துணிந்து சேருங்கள். இல்லையென்றால் கிடைத்த வேலையில் இருந்துகொண்டு அடுத்த நெட் தேர்வுக்குப் படியுங்கள். தள்ளிப்போடுவதில் வெட்கம் இல்லை. உள்ளே போனவர்கள், நிலுவைத் தொகைக்காகச் சேர்ந்து குரல் கொடுங்கள். அடுத்து வரும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடாமலே படிக்கவேண்டும்.

ஜெய்பீம்.