போர்ச்செய்தி தந்த ஆங்கிலம்



எதற்கும் அஞ்சாத சாமர்த்தியசாலி ஒருவனை 'அவன் பெரிய எம்டன்' என்று தாம்பரம் வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் கூறுவதுண்டு. அது ஒரு கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்தது. நகரத்தார் பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே அழிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் சென்னை காலியானபோது, 'இவாக்குவேஷன்' என்னும் நெடுஞ்சொல் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர் நாவிலும் ஏறியது. இச்சொற்களை அகராதி பார்த்து எவரும் கற்கவில்லை. அச்சமே ஆசிரியர்.

பின்வந்த தலைமுறை கற்ற முறை வேறு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடும் மின்தொடர் வண்டி, புறநகர் அலுவலர்க்கு ஒரு நடமாடும் வாசகசாலையாக விளங்கியது. 'இந்து' நாளிதழை விடாது படித்தால் ஆங்கிலம் தானே வரும் என்பது குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தந்தையர் பிள்ளைகளுக்கு ஓயாது கூறிய அறிவுரை. தலையங்கம் கடினமானது, பிள்ளைகளுக்குப் புரியாது. போர்ச்செய்தி அப்படியன்று. அதே சொற்கள் நாள்தோறும் திரும்ப வரும். உடன் ஒரு வரைபடம் இருக்கும். நாளை என்ன ஆகுமோ என்ற ஆவலும் இருக்கும். மொழி கற்பவனுக்கு இம்மூன்றினும் மேலான துணை எது?

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தினுள் புகுந்தது முதல் 1991 பிப்ரவரி 28இல் போர் நின்றது வரையிலான ஏழு திங்கள், இவ்வகையில் ஒரு நீண்ட பாடமாக அமைந்தன. குவைத்தில் வேலைக்குச் சென்றிருந்த உறவினரின் கதி அறிய வேண்டிய வீடுகளில் அது வெறும் பாடமாகவும் இல்லை. 'அல்டிமேட்டம்', 'சீஸ்ஃபயர்', 'டெட்லைன்' ஆகியவை அந்நாளில் வண்டிப் பேச்சில் புழங்கின. ஜனவரி 15 என்ற கெடுவைக் குறித்த 'டெட்லைன்' என்பதன் பிறப்பே கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறைக்கூடங்களில், கைதி தாண்டினால் சுட்டுக் கொல்லப்படும் கோடு அது. இன்று வருமானவரிப் படிவத்துக்கும் அச்சொல்லே வழங்குகிறது. 'சார்ட்டி' என்ற சொல்லுக்குத் தாம்பரத்தில் விளக்கம் தேவைப்பட்டிராது. 1954 முதல் இங்குள்ள விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர் பள்ளி நடந்துவருகிறது. பயிற்சி விமானம் ஒருமுறை ஏறி இறங்குவதும் சார்ட்டிதான். ஆனால் செய்தித்தாளில் 'இன்று இத்தனை ஆயிரம் சார்ட்டி' என எண் மட்டும் வரும். ஏறியது தெரியும், கீழே விழுந்தது தெரியாது.

இவற்றுள் கவிஞர் கருதத்தக்கது 'கொலாட்டரல்'. வங்கி ஊழியருக்கு அது பழகிய சொல்: கடனுக்கு ஈடாக வைக்கும் பிணையம். 1991 பிப்ரவரி 13ஆம் நாள் பாக்தாத்தின் அமீரியா புகலிடத்தின்மீது குண்டு விழுந்து நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும், மாண்டனர். இத்தகைய சாவுகளைக் குறிக்கப் படைத்துறையார் வழங்கும் தொடர் 'கொலாட்டரல் டேமேஜ்'. பிணையம் மட்டும் அறிந்தவன் இத்தொடரைப் படித்தால் ஏதோ சொத்துச் சேதம் என்றே கொள்வான். அவன் அவ்வாறு கொள்வதில் வியப்பில்லை; அத்தொடர் அதற்காகவே ஆக்கப்பட்டது போலும்.

'ஆபரேஷன்' என்ற சொல்லும் அத்தகையதே. தமிழ்நாட்டார் அதனை மருத்துவமனையில்தான் முதலில் சந்தித்தனர். தமிழ், அறுவைச் சிகிச்சையை வேறாகவும் இராணுவ நடவடிக்கையை வேறாகவும் வைத்திருப்பது நல்லதொரு பிரிவினை. ஆங்கிலமோ இரண்டையும் ஒட்டவைத்து 'சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்' என்றது. நோயாளி பிழைப்பதற்காகக் கத்தி எடுப்பவன் பெயர், குண்டு போடுபவனுக்கு வந்து சேர்ந்தது. 2016இல் தமிழ் நாளிதழ்கள் இதனைத் 'துல்லியத் தாக்குதல்' எனப் பெயர்த்தன. கத்தி போயிற்று, பாராட்டு மட்டும் நின்றது.

இவையாவும் தொலைவிலிருந்து படித்தவர் கற்ற சொற்கள். அடிபட்டவர் கற்ற ஆங்கிலம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஷெல், பொம்மர், ஹெலி, பங்கர், சென்றி, ரவுண்டப் என்பன ஈழத்தமிழில் எழுத்தறியாப் பாட்டியும் பிழையின்றி வழங்கிய சொற்கள். வானில் ஒலி கேட்டதும் பொம்மரா ஹெலியா எனப் பிரித்தறிவது அங்கே இலக்கணமன்று, உயிர்காப்பு. 1987 அக்டோபரில் இந்தியப்படை அங்கே தொடங்கிய நடவடிக்கைக்குப் 'பவன்', அதாவது காற்று, என்று பெயர், நடத்தியது அமைதிப்படை. அப்பெயர்களைத் தாம்பரத்தார் செய்தித்தாளில் படித்தனர். யாழ்ப்பாணத்தார் பெயரைப் படிக்கும் நிலையில் இல்லை.

2009இல் வன்னியில் 'நோ ஃபயர் சோன்' என அறிவிக்கப்பட்ட பகுதி தமிழில் 'பாதுகாப்பு வலயம்' ஆயிற்று. அந்த வலயத்துள்ளும் ஷெல் விழுந்தது.

பழியை ஆங்கிலத்தின்மீது மட்டும் சுமத்துவதும் முறையாகாது. ஷெல்லுக்கு 'எறிகணை' என்னும் அழகிய தமிழ்ச்சொல் உண்டு. தமிழகத்துக் கவிதைகளில் அதுவே மிகுதி. கணை என்றவுடன் காவிய நாயகனின் வில் நினைவுக்கு வருகிறது; எய்தவனுக்கு ஒரு பெருமிதம் கிடைத்துவிடுகிறது. 'ஷெல்லடி'யில் அந்தப் பெருமிதம் இல்லை. அதில் பாதி அயற்சொல். மறுபாதியாகிய 'அடி'யோ பட்டவனின் சொல். போருக்குத் தப்பி வந்து சென்னையில் குடியேறிய ஈழத்து முதியோர், அந்நாட்களைப் பற்றிப் பேசும்போது எறிகணை என்பதில்லை. ஷெல்லடி என்றே சொல்கின்றனர்.