சிறு கருவிகளின் செறிந்த மொழி



மிகுதியாகப் பேசுவதனாலேயே செய்தி தெளிவாகிவிடாது. ஆளில்லாத் தொலைவெளிகளில் எண்ணெய்க் குழாய்களைக் காத்துநிற்கும் சிறு கருவிகளே இவ்வுண்மைக்குச் சான்று.

அக்குழாய்களின் நிலையைச் செயற்கைக்கோள் வழியே அறியும்பொருட்டு, 1999ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆண்டி சுட்டான்போர்டு கிளார்க்கும் ஆர்க்கம் நிறுவனத்து ஆர்லன் நிப்பரும் ஒரு நெறிமுறை வகுத்தனர். செயற்கைக்கோள் வழியோ விலைமிக்கது, குறுகியது. கருவிகளின் ஆற்றலோ மிகச் சிறிது. ஆகவே ஒவ்வொரு பைட்டும் எண்ணிச் செலவிடப்பட்டது. அந்நெறிமுறையே எம்.கியூ.டி.டி. அதன் செய்தி முகப்பு இரண்டே பைட்டுகளில் அடங்க வல்லது. 2014இல் அது ஓயாசிசு அமைப்பின் பொதுச் செந்தரமும் ஆயிற்று.

இதில் கருவிகள் ஒன்றோடொன்று நேரே பேசுவதில்லை. ஒரு கருவி தன் அளவீட்டுக்குத் தலைப்பிட்டு நடுக்கணினிக்கு அனுப்பும். அத்தலைப்பை வேண்டிநிற்கும் அனைவர்க்கும் நடுக்கணினி அதனைப் பகிர்ந்தளிக்கும்.

உறுதிப்பாட்டில் மூன்று படிகள் உண்டு. வெப்ப அளவு ஒன்று தவறினும் அடுத்தது வரும். அதனை ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடலாம். "அடைப்பை மூடு" என்னும் ஏவல் தவறாது சேர வேண்டும். இருமுறை சேரினும் கேடில்லை. கணக்கிற் கூட்டப்படும் தொகையோ ஒரேயொரு முறைதான் சேர வேண்டும்; அதற்கு நான்கு செய்திகள் போய்வர வேண்டும். உறுதி கூடக் கூடச் செலவும் கூடும்.

இவற்றினும் வியப்பானது இறுதிமுறி. மாந்தர் உயில் எழுதி வைப்பதுபோல், தன் தொடர்பு அறுந்தால் அறிவிக்க வேண்டிய செய்தியைக் கருவி இணையும்பொழுதே நடுக்கணினியிடம் ஒப்படைக்கலாம். முன்னரே குறித்த இடைவெளியின் ஒன்றரை மடங்கு நேரம் கருவி வாய்திறவாதிருப்பின், நடுக்கணினி இணைப்பை அறுத்து அச்செய்தியை வெளியிடும். வாளா இருப்பது நலத்தாலா, கேட்டாலா என்னும் ஐயம் இவ்வாறு நீங்குகிறது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. இந்நெறிமுறை தானாகச் செய்தியை மறைமொழி ஆக்குவதில்லை. கடவுச்சொல்லும் திறந்தபடியே செல்லும். டி.எல்.எசு. என்னும் காப்புறையைக் கருவி அமைப்போர்தாம் சேர்க்க வேண்டும். சுமை கூடுமென்று அதனை விடுவோர், அடைப்பைத் திறக்கும் ஏவலையே பகைவன் கையில் கொடுத்தவராவர்.

சொல்லைச் சுருக்குக, காவலைச் சுருக்கற்க!