வெறுங்கப்பல் கொட்டிய எண்ணெய்

கடலில் எண்ணெய் கொட்டியது என்றதும் கச்சா எண்ணெய் ஏற்றிப்போகும் டேங்கர்தான் நம் நினைவுக்கு வரும். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் தீவின் தென்கிழக்கே பவளத்திட்டில் தரை தட்டிய 'வகாஷியோ' டேங்கர் அல்ல. ஜப்பானிய நிறுவனமொன்றின் சரக்குக் கப்பல். அன்று அதில் சரக்கும் இல்லை. ஆனால் தன் எஞ்சினுக்கென்று சுமார் 3,900 டன் எண்ணெய் வைத்திருந்தது. ஆகஸ்ட் 6 முதல் அதில் ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது. தீவு மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தடுப்பு மிதவை கட்டினார்கள். எண்ணெயை உறிஞ்சட்டுமென்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

கப்பல்காரர்கள் இந்த எரிபொருளை 'பங்கர்' என்பார்கள். டேங்கர் கொட்டினால் யார் பொறுப்பு என்பதற்கு 1969-லேயே சர்வதேச உடன்படிக்கை வந்துவிட்டது. மற்றக் கப்பல்களின் பங்கருக்கு 2001-இல்தான் வந்தது. அது நடைமுறைக்கு வர 2008 நவம்பர் ஆனது. டேங்கரைவிட மற்றக் கப்பல்களே கடலில் அதிகம் என்பதை நினைத்தால், இந்தத் தாமதம் கொஞ்சம் வேடிக்கைதான்.

அந்தப் பங்கர் உடன்படிக்கையில் எனக்குப் பிடித்தது, யார் தப்பு என்று மீனவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வகாஷியோ கைபேசி சிக்னல் தேடிக் கரையோரம் வந்தது என்றார்கள். அதை விசாரிப்பது வேறு நீதிமன்றத்தின் வேலை. எண்ணெய் கொட்டியதா, உரிமையாளர் கொடுக்க வேண்டும். 1,000 மொத்த டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம். உரிமையாளர் கைவிரித்தால் காப்பீட்டாளர் மேலேயே நேராக வழக்குப் போடலாம்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். பங்கர் உடன்படிக்கை தனியாக உச்சவரம்பு வைக்கவில்லை. கப்பல் உரிமையாளர்களின் பொறுப்புக்கு வரம்பு கட்டும் வேறொரு உடன்படிக்கையைக் கைகாட்டி விடுகிறது. அதில் 1976-இன் பழைய தொகையும் உண்டு, 1996-இல் உயர்த்திய தொகையும் உண்டு. மொரீஷியஸ் பழையதில் இருந்தது, உரிமையாளரின் நாடான ஜப்பான் புதியதில். இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம்.

டேங்கர் எண்ணெயாக இருந்திருந்தால், வரம்பைத் தாண்டிய நஷ்டத்துக்கு எண்ணெய் இறக்குமதியாளர்கள் பணம் கட்டும் ஒரு சர்வதேச நிதியம் உண்டு. மொரீஷியஸும் அதில் உறுப்பினர். பங்கருக்கு அப்படி இரண்டாவது பணப்பை கிடையாது. இருக்கும் தொகையையும் அதே விபத்தின் பிற நஷ்டங்களோடு மீனவர் பங்குபோட வேண்டும்.