அலையாத்திக் காடும் நமது அமானிதமே!

(இளைஞரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு தர்மமாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஜும்ஆ மேடைகளில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்ட ஆர்வத்தில் ஒரு நாள் கூடுகிறோம். நூறு கன்று நடுகிறோம். படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். அடுத்த கோடையில் அந்தக் கன்றுகள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இந்தக் குறை தீர வேண்டுமானால் முத்துப்பேட்டைக் காட்டிடம் நாம் பாடம் படிக்க வேண்டும்.

கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் அந்தப் பகுதியில் காயலும் சேற்று நிலமும் அலையாத்தி மரங்களுமாகச் சுமார் 12 ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் மீனும் குஞ்சாக வளரும் தொட்டில் அது. 2002ஆம் ஆண்டு கோடியக்கரையோடு சேர்த்து ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது.

அந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் மொட்டையாகிக் கிடந்தது. பழி யார் மீது விழுந்தது தெரியுமா? ஆடு மாடு மேய்த்த ஏழை மீதும், விறகு பொறுக்கிய தாய்மார்கள் மீதும்! ஆய்ந்து பார்த்தபோது முக்கியக் காரணம் வேறாக இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் தொடங்கி, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டியிருக்கிறார்கள். நிழல் போன நிலம் வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தொட்டி போலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பில் புல்கூட முளைக்கவில்லை. அங்கே ஆயிரம் கன்று நட்டாலும் ஆயிரமும் செத்திருக்கும்!

நோய் தெரிந்த பிறகுதான் மருந்து கிடைத்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கைகோத்தார்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதநீர் ஏறி இறங்க வழி பிறந்தது, உப்பு குறைந்தது. வாய்க்கால் கரைகளில் நட்ட அலையாத்தி தழைத்தது. ஆனால், ஓதத்தோடு வரும் வண்டல் வாய்க்காலை மூடிவிடும். அதனால் மீண்டும் மீண்டும் தூர் வாரியாக வேண்டும். கிராமங்களில் குழு அமைத்து, புதுக் காட்டில் மேய்ச்சல் கூடாது, வெட்டுதல் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்துக் காத்தது.

பலன் என்ன? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரத்தில் இத்தகைய காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்ததை நாடே பார்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டையே முறித்துப் போட்டது. ஊருக்கு முன்னால் நின்று அடி வாங்கும் காடு அது. அதை மீண்டும் எழுப்பும் கடமை ஊருக்கு உண்டா, இல்லையா?

வணிகப் பெருமக்களே! சந்தையில் விற்கும் இறாலும் நண்டும் அந்தச் சேற்றில் வளர்ந்தவை. மீனவர் கையில் காசு புரண்டால்தான் உங்கள் துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் வியாபாரம். ஆனால் நம் கடைவாசலில் விழும் பிளாஸ்டிக் பை சாக்கடை வழியே ஆற்றுக்கும், ஆற்றின் வழியே காயலுக்கும் போகிறது. அரசு 2019 ஜனவரியிலேயே தடை போட்டும் நாம் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொடுக்கிறோம். இது நியாயமா?

இளைஞர்களே! காட்டுக்குள் நீங்களாகப் போய் எதையும் நட வேண்டாம். வனத்துறையிடமும், அந்தச் சேற்றை அறிந்த மீனவச் சகோதரர்களிடமும் கேளுங்கள். அவர்கள் எந்தச் சமுதாயமானாலும் அவர்களோடு தோள் சேருங்கள். கடற்கரை இல்லாத ஊராக இருந்தால் உங்கள் பள்ளிவாசல் குளத்துக்குப் போங்கள். கரையில் கன்று நடுவதற்கு முன்பு வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதை அடைத்திருப்பது நம்மவர் கட்டிய கடையாகவும் இருக்கலாம்! அதைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஐந்து பேர் பொறுப்பேற்கட்டும். ஒரு நாள் விழாவுக்காக வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கட்டும். தூர் வாரும் செலவை வணிகர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். உரிமைக்காக வீதியில் நிற்கும் சமுதாயம் நாம். இந்த மண்ணுக்காகச் சேற்றில் இறங்கி நிற்கவும் வேண்டும். இந்த நிலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கும் நாளை மறுமையில் கணக்கு உண்டு.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அந்த உணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.