கடனட்டையும் காத்திருக்கும் நாட்களும்



புதிய கடனட்டைக்கு விண்ணப்பித்தவன் விடையை எதிர்நோக்கும் நாட்களில், பழைய அட்டையின் நிலுவையே அவனுக்குச் சாட்சி கூறுகின்றது. அமெரிக்காவில் 1989 முதல் வழங்கிவரும் ஃபைக்கோ மதிப்பெண்ணிலே, தவணை தவறாமைக்கு நூற்றுக்கு 35 பங்கும், பட்டுள்ள கடனளவிற்கு 30 பங்கும் உண்டு. 1,000 டொலர் எல்லையில் 900 டொலர் நிலுவை நின்றால், ஒழுங்காகச் செலுத்துபவனும் நெருக்கடியில் உள்ளவனாகவே தோன்றுவான்.

வங்கிகள் பெரும்பாலும் மாதக் கணக்கு முடியும் நாளின் நிலுவையையே அறிவிக்கின்றன. ஆதலால், செலுத்தவேண்டிய கடைசி நாள்வரை காத்திராது, கணக்கு முடியுமுன்னரே செலுத்துதல் நன்று. விண்ணப்பிக்குமுன் செய்தால் அதனினும் நன்று.

அட்டை கிடைக்குமென்று நம்பி இன்றே செலவு செய்தல், பெய்யாத மழைக்கு விதைப்பதாகும். விண்ணப்பம் மறுக்கப்படினும், பழைய கடன் வட்டியுடன் வாசலில் நிற்குமன்றோ?